உங்களுக்குத் தெரியுமா? போலீஸ் வண்டியும் பரிசோதனைச் செலவும்

முதல் ரோந்து வண்டி

உலகின் முதல் போலீஸ் மோட்டார் வண்டி பெட்ரோலில் ஓடவில்லை, பேட்டரியில் ஓடியது! அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள ஆக்ரன் நகரம் 1899-ல் 2,400 டாலர் கொடுத்துச் செய்து வாங்கிய வண்டி அது. வேகம் மணிக்கு 16 மைல். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 30 மைல் போகும். அதற்குக் கிடைத்த முதல் வேலை, குடித்துவிட்டுக் கிடந்த ஒருவரை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தது. மறு வருஷமே ஊரில் பெரிய கலவரம். கும்பல் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கால்வாயில் இறக்கிவிட்டது.

இன்னும் 6 மைல்தான்!

அதே பேட்டரி ஆசை 120 வருஷம் கழித்துக் கலிஃபோர்னியாவில் திரும்பி வந்தது. ஃபிரிமான்ட் நகரப் போலீஸ், பழைய டெஸ்லா மாடல் எஸ் கார் ஒன்றைச் சுமார் 61,000 டாலருக்கு வாங்கி, ரோந்துக்குத் தகுந்தபடி மாற்றி, 2019-ல் பரிசோதனைக்கு இறக்கியது. (டெஸ்லாவின் தொழிற்சாலை ஒன்று இருப்பதும் அந்த ஊரில்தான்.) செப்டம்பரில் ஒரு ராத்திரி, ஒரு காரைத் துரத்திக்கொண்டிருக்கும்போதே காவலர் வயர்லெஸ்ஸில் சொன்னார்: பேட்டரியில் இன்னும் 6 மைலுக்குத்தான் தெம்பு இருக்கிறது. செய்தி வெளியே வந்ததும் ஊர் உலகமெல்லாம் சிரித்தது. காரணத்தைப் பார்த்தால் சப்பென்று இருக்கும். ஷிஃப்ட் தொடங்கும்போது யாரும் முழு சார்ஜ் போடவில்லை. கார் சரி, பழக்கம்தான் பழைய பழக்கம். பரிசோதனை எதற்கு என்றால் இதற்குத்தான். ஒரு காரில் வெளியாகிவிட்டது. நூறு கார் வாங்கிய பிறகு வெளியாகியிருந்தால்?

நூறு கார் எடுத்தவர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் டெஸ்லாவை இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்து, விலை கட்டுப்படியாகாது என்று தள்ளிவிட்டு, 2016-ல் 100 பி.எம்.டபிள்யூ ஐ-3 பேட்டரி கார்களை வாடகைக்கு எடுத்தது. சார்ஜர்கள் உட்பட மொத்தத் திட்டம் சுமார் 1 கோடி டாலர். துரத்தலுக்கு இல்லை, அலுவலக வேலைக்கு. அடுத்த வருஷம் உள்ளூர்த் தொலைக்காட்சி நிருபர்கள் போய்ப் பார்த்தபோது பல கார்கள் அதிகம் ஓடாமல் நின்றுகொண்டிருந்தன.

பாட்டுப் போட்டால்தான் லைசென்ஸ்

ரோந்து காரில் ரேடியோ வைப்பது இன்று சாதாரண விஷயம். அதைச் சாத்தியமாக்க அமெரிக்காவின் டெட்ராய்ட் போலீஸுக்கு 7 வருஷப் பரிசோதனை தேவைப்பட்டது. கமிஷனர் வில்லியம் ரட்லெட்ஜ் 1920-களின் தொடக்கத்தில் இதில் இறங்கியபோது, போலீஸுக்கென்று தனி அலைவரிசை கிடையாது. கிடைத்த லைசென்ஸ் பொழுதுபோக்கு வானொலி நிலையத்துக்கானது! ஆகவே திருட்டுக் கார் நம்பரை அறிவிப்பதோடு நேயர்களுக்குப் பாட்டும் போட வேண்டும் என்பது விதி. கே.ஓ.பி. என்பது நிலையத்தின் பெயர்.

பாட்டுகூடத் தொல்லையில்லை. கார் குலுங்கினால் ரேடியோவின் கண்ணாடி வால்வுகள் ஆட்டம் கண்டுவிடும். நின்றால் கேட்கும், கிளம்பினால் போய்விடும். ஓடும் காருக்கு எட்டாத ரேடியோவால் போலீஸுக்கு என்ன லாபம்? கென்னத் காக்ஸ் என்ற காவலரும் ராபர்ட் பேட்ஸ் என்ற பொறியியல் மாணவரும் சேர்ந்து குலுக்கலைத் தாங்கும் வாங்கியைச் செய்து முடித்தார்கள். 1928 ஏப்ரல் 7-ம் தேதி பெல் ஐல் தீவிலிருந்து ஒழுங்கான ஒலிபரப்பு தொடங்கியது. அதுவும் ஒருவழிப் பாதைதான். நிலையம் பேசும், காரில் இருப்பவர் கேட்டுக்கொள்ள வேண்டும், பதில் சொல்ல வழியில்லை. காரிலிருந்து திருப்பிப் பேசும் வசதி 1933-ல் நியூ ஜெர்ஸியின் பேயோன் நகரில் வந்தது.

ஏழு வருஷம் பலன் தராத ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிக்கொண்டே இருக்க இன்று எந்த நிதிக் குழு சம்மதிக்கும் என்று தெரியவில்லை.

யார் செலவில் யார் பலன்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் போலீஸ் வருஷா வருஷம் புது மாடல் ரோந்து கார்களையெல்லாம் வரவழைத்துச் சோதிக்கிறது. எத்தனை நொடியில் வேகம் எடுக்கிறது, எத்தனை அடியில் நிற்கிறது, வளைவில் என்ன செய்கிறது என்று பந்தயத் தடத்தில் விரட்டிப் பார்ப்பார்கள். பெல்ட், துப்பாக்கி சகிதம் உட்கார இருக்கை தோதாக இருக்கிறதா, ரேடியோ பொருத்த இடம் இருக்கிறதா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. முடிவை அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். நாலே நாலு கார் வைத்திருக்கும் ஒரு சின்ன ஊரின் போலீஸ், காலணா செலவில்லாமல் அதைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். போலீஸ் வண்டிச் செலவுகளில் இதைவிட உருப்படியானது எனக்குத் தெரிந்து இல்லை.

பீரங்கி வாங்கிய மேயர்

உருப்படாத செலவு விஷயத்தில் சாம்பியன் பட்டம் லண்டனுக்குத்தான்.

2011 ஆகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு, தண்ணீர் பீய்ச்சிக் கூட்டத்தைக் கலைக்கும் வண்டி வேண்டும் என்று லண்டன் போலீஸ் கேட்டது. நம்மூர்ச் செய்திகளில் ‘வருண் வாகனம்’ என்று வருமே, அந்த ரகம். இங்கிலாந்தில் அதைப் பயன்படுத்த உள்துறை அமைச்சரின் அனுமதி வேண்டும். அனுமதி வரவில்லை. ஆனால் ஜெர்மன் போலீஸ் தன்னிடமிருந்த பழைய வண்டிகளைக் கழித்துக்கட்டிக்கொண்டிருந்தது; விட்டால் கிடைக்காது. அப்போதைய மேயர் போரிஸ் ஜான்சன் 2014-ல் மூன்று வண்டிகளை 2,18,000 பவுண்டுக்கு வாங்கிவிட்டார். புதிது வாங்குவதைவிட 20 லட்சம் பவுண்டுக்கு மேல் மிச்சம் என்பது அவர் தரப்புக் கணக்கு. அந்தத் தண்ணீருக்கு முன்னால் நீங்களே நிற்பீர்களா என்று ஒரு வானொலி நிகழ்ச்சியில் கேட்டார்கள். நிற்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

வண்டிகளின் வயது 25-ஐ ஒட்டி. ஒவ்வொன்றும் 9,000 லிட்டர் கொள்ளும். ஊருக்குள் வந்ததும் ஆரம்பித்தது அடுத்த செலவு. லண்டனின் புகை விதிக்குள் வர ஏறக்குறைய 32,000 பவுண்டு. புது பெயின்ட்டுக்கு 19,000 பவுண்டுக்கு மேல். ரேடியோ, சி.டி. பிளேயர் பொருத்த கிட்டத்தட்ட 1,000 பவுண்டு. ஆமாம், சி.டி. பிளேயர்! கலவரத்துக்கு நடுவே என்ன கேட்பார்களோ. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பாட்டியின் கணக்கை நினைவுபடுத்துவதுபோல மொத்தச் செலவு 3,22,000 பவுண்டைத் தாண்டியது.

2015 ஜூலையில் உள்துறை அமைச்சர் தெரசா மே நாடாளுமன்றத்தில் எழுந்தார். அவரும் மேயரின் கட்சிதான். அனுமதி இல்லை என்றார். வண்டிகளில் சரிசெய்ய வேண்டிய 67 குறைகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. முதுகெலும்பு முறிவு உள்ளிட்ட காயங்கள் ஏற்படலாம் என்று மருத்துவக் குழு எச்சரித்திருந்தது. சந்து சந்தாக ஓடும் கலவரக்காரர்களை இவ்வளவு பெரிய வண்டி எப்படிப் பிடிக்கும் என்ற கேள்வியும் இருந்தது. 2010-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தண்ணீர் வேகம் முகத்தில் பட்டு ஒரு முதியவர் பார்வையை இழந்த சம்பவம் எல்லோருக்கும் நினைவிருந்தது.

தெருவில் ஒரு நாளும் இறங்காத அந்த மூன்று வண்டிகளும் பயிற்சி மைதானத்தில் நின்றன. அடுத்த மேயர் சாதிக் கான் விற்கப் பார்த்தார். தகுந்த கிராக்கி இல்லை. கடைசியில் 2018 நவம்பரில் நாட்டிங்காம்ஷயரின் பழைய இரும்புக்கடை ஒன்று எடுத்துக்கொண்டது. விலை 11,025 பவுண்டு. மூன்றுக்கும் சேர்த்து!

ஒன்று கவனியுங்கள். அதே நாட்டின் வட அயர்லாந்துப் போலீஸிடம் இதே ரக வண்டிகள் 6 இருக்கின்றன, பயன்பட்டும் வருகின்றன. அவர்கள் முதலில் பெல்ஜியத்திலிருந்து வண்டி இரவல் வாங்கி ஓட்டிப் பார்த்து, அப்புறம் சொந்தமாக வாங்கினார்கள்.

இருபதுக்கு நாலு

லண்டன்காரர்களாவது ஓடுகிற வண்டி வாங்கினார்கள். ஈராக் வாங்கியது வெறும் கைப்பிடி.

சோதனைச் சாவடியில் நிற்கும் காரில் வெடிகுண்டு இருந்தால் காட்டிக்கொடுக்கும் என்று சொல்லி விற்கப்பட்ட கருவி ஏ.டி.இ. 651. பிளாஸ்டிக் கைப்பிடி, அதில் அப்படியும் இப்படியும் திரும்பும் ஓர் ஆன்டெனா. பேட்டரி கிடையாது, பிடித்திருப்பவரின் உடம்பில் உண்டாகும் மின்சாரமே போதுமாம். பிறந்த கதை இன்னும் வேடிக்கை: தொலைந்துபோன கோல்ஃப் பந்தைத் தேட 20 டாலருக்கு விற்ற விளையாட்டுச் சாமானிலிருந்து வந்தது. ஈராக் அரசு இதற்குச் செலவிட்டது 5 கோடி பவுண்டுக்கு மேல். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்கு 2013-ல் லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. அதற்குப் பிறகும் பாக்தாத் சாவடிகளில் அது கைகளில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. 2016 ஜூலையில் கராதா பகுதியில் வெடிமருந்து ஏற்றிய வாகனம் வெடித்து நூற்றுக்கணக்கானவர்கள் இறந்த பிறகுதான், அதைத் தூக்கி எறியும்படி பிரதமர் உத்தரவு போட்டார்.

இதே வகையைச் சேர்ந்த ஜி.டி. 200 என்ற கருவியைத் தாய்லாந்து வாங்கியிருந்தது. 2010 பிப்ரவரியில் அந்நாட்டு அறிவியல் அமைச்சகம் செய்த சோதனை ரொம்ப எளிது. நாலு பெட்டி, ஒன்றில் மட்டும் வெடிமருந்து, எதில் என்று கருவி பிடிப்பவருக்கும் தெரியாது, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. 20 முறையில் 4 முறை சரியாகக் காட்டியது. கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலே ஐந்து தேறும்! நாலு பெட்டிக்கும் ஒரு பகல் பொழுதுக்கும் என்ன செலவாகிவிடும்? அதை வாங்குவதற்கு முன்னால் செய்திருக்கலாம்.

துரத்தாமல் பிடிக்க

வேகத் துரத்தலில் செத்துப்போகிறவர்களில் சம்பந்தமே இல்லாத வழிப்போக்கர்களும் உண்டு. அதனால் உலகெங்கும் போலீஸ் அதிகம் பரிசோதிப்பது ஓடும் காரை நிறுத்தும் சாமான்களைத்தான்.

பழையது முள்பட்டை. அமெரிக்காவின் யூட்டா மாநில நெடுஞ்சாலைக் காவலராக இருந்த டொனால்ட் கில்க்ரோ உருவாக்கிய ‘ஸ்டிங்கர்’ பட்டையில் நுணுக்கம் முள்ளில் இருக்கிறது. முள் உள்ளே குழாய்போலப் பொள்ளலாக இருக்கும். டயரில் ஏறியதும் காற்று அதன் வழியாக மெல்ல மெல்லக் கசியும்; டயர் வெடிக்காது, கார் தறிகெட்டுப் புரளாது. ஆனால் பட்டையை வீச ஒருவர் சாலையோரம் நிற்க வேண்டுமே! அப்படி நின்று அடிபட்டு இறந்த காவலர்கள் ஏராளம். டல்லாஸ் நகரப் போலீஸ் 2012-ல் முள்பட்டையே வேண்டாம் என்று நிறுத்திவிட்டது.

அடுத்து வந்தது ‘ஸ்டார்சேஸ்’. ரோந்து காரின் முன் கிரில்லுக்குள் காற்றழுத்தத்தில் சுடும் குழாய். லேசரால் குறிபார்த்துப் பொத்தானை அமுக்கினால், பசை தடவிய ஜி.பி.எஸ். குப்பி பறந்துபோய் முன்னால் ஓடும் காரின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் போலீஸ் பின்வாங்கிவிடலாம். திரையில் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே வழி மறிக்கலாம். ஒரு காருக்குச் சுமார் 5,000 டாலர், சுடும் குப்பி ஒவ்வொன்றும் சுமார் 500 டாலர் என்பது அறிமுக கால விலை. அமெரிக்க நீதித்துறையின் ஆய்வுப் பிரிவு பணம் கொடுத்து அரிசோனா போன்ற மாநிலங்களில் சோதித்தபோது தெரிந்த சேதி சுவாரஸ்யமானது: பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்தால், ஓடுகிறவர் இரண்டு நிமிஷத்துக்குள் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறார்! கருவியைச் சோதிக்கப் போய் மனுஷ சுபாவம் பிடிபட்டது.

‘கிராப்ளர்’ என்றொரு சாமானும் உண்டு. ரோந்து காரின் முன் பம்பரிலிருந்து வலை இறங்கி, முன்னால் ஓடும் காரின் பின்சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். கண்டுபிடித்தவர் போலீஸ்காரர் இல்லை. அரிசோனாவைச் சேர்ந்த லெனர்ட் ஸ்டாக் என்ற தனிமனிதர்.

அலை அடித்தால் நிற்கும் கார்

2013 டிசம்பரில் இங்கிலாந்தின் த்ராக்மார்ட்டன் விமானத் திடலில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு கார் மணிக்கு 15 மைல் வேகத்தில் வந்தது. எதிரே நின்ற வண்டியிலிருந்து ரேடியோ அலையை அடித்தார்கள். டேஷ்போர்டு விளக்குகள் கண்டபடி மின்னின, எஞ்சின் அணைந்தது, கார் நின்றது. ஈ-டூ-வி என்ற நிறுவனத்தின் ‘ஆர்.எஃப். சேஃப்-ஸ்டாப்’ அது. காரின் எலெக்ட்ரானிக் மூளையைக் குழப்புவதுதான் சூட்சுமம்; சில பத்து மீட்டர் தூரம்வரை பலிக்கும். எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத ஓட்டை உடைசல் கார் வந்தால்? அது பாட்டுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியமும் ‘சேவ்லெக்’ என்ற பெயரில் இதே ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்தது.

துளை போட்டதில் வந்த வினை

ரோந்து கார் தொழிற்சாலையிலிருந்து மொட்டையாகத்தான் வரும். கூரை விளக்கு, சைரன், ரேடியோ, கேமரா, லேப்டாப் தாங்கி எல்லாம் பிறகு பட்டறையில் பொருத்துவது. ஒவ்வொரு வயரும் உள்ளே போக ஒரு துளை வேண்டும். துளையைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு, மெழுகி அடைக்க வேண்டும்.

2017 ஜூலையில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் போலீஸ் சுமார் 400 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ரோந்து கார்களை ஒரேயடியாகச் சாலையிலிருந்து எடுத்தது. காவலர்களுக்குத் தலைசுற்றல், வாந்தி. காருக்குள் கார்பன் மோனாக்சைடு. புகை எப்படி உள்ளே வந்தது? பின்பக்கத்தில் கருவிகள் பொருத்தத் துளை போட்டுவிட்டுச் சரியாக அடைக்காததைக் காட்டியது ஃபோர்டு கம்பெனி. தன் செலவிலேயே அடைத்துத் தருவதாகவும் சொன்னது. அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு வருஷக்கணக்கில் விசாரித்து 2023-ல் கோப்பை மூடியபோதும், அடைக்காத துளைகளும் அடிபட்ட பின்பக்கமுமே முக்கியமாகப் பேசப்பட்டன. விளக்கு ஒளிர்கிறதா, சைரன் கத்துகிறதா என்று சோதித்தவர்கள் வயர் போன வழியைப் பார்க்கவில்லை.

சாவி இல்லாமல் ஓடும் எஞ்சின்

பிரிட்டிஷ் ரோந்து கார்களில் ‘ரன்-லாக்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கிவிட்டுச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கலாம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், மேலே விளக்கு சுழலும். யாராவது ஏறி ஓட்டப் பார்த்தால் எஞ்சின் அணைந்துவிடும். சாலையோரம் ஒரு மணி நேரம் நின்றாலும் விளக்குகளால் பேட்டரி இறங்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

நெஞ்சில் இடிக்கும் சைரன்

காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி.யும் பாட்டும் போட்டுக்கொண்டு போகிறவருக்குச் சைரன் கேட்பதில்லை. அவருக்காகவே 2007 வாக்கில் ‘ரம்ப்ளர்’ வந்தது. சைரனோடு சேர்ந்து அடித்தொண்டையில் ஓர் உறுமல். காதைவிட இருக்கையில் நன்றாகத் தெரியும். ஒருமுறை அமுக்கினால் 8 நொடி மட்டும் ஒலித்துத் தானே நின்றுவிடும். நியூ யார்க் போலீஸ் முதலில் சில கார்களில் பரிசோதித்தது, பிறகு பரவலாக்கியது. தூக்கம் கெடுகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் புகார் சொன்னது தனிக் கதை.

கேமரா யாரைக் காப்பாற்றியது?

2000-ம் ஆண்டுக்கு முன் அமெரிக்க மாநிலப் போலீஸ் கார்களில் கேமரா இருந்தவை 11 சதவீதம். மத்திய அரசு சுமார் 2 கோடியே 10 லட்சம் டாலர் மானியம் கொடுத்ததும், மூன்றே வருஷத்தில் 72 சதவீதம் ஆனது. காவலர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். மேலதிகாரி வேவு பார்க்கிறார் என்ற எண்ணம். பலனை மதிப்பிட்ட சர்வதேசப் போலீஸ் தலைவர்கள் சங்கத்தின் அறிக்கை வந்தது. புகார் எழுந்து, வீடியோவும் இருந்த வழக்குகளில் 93 சதவீதம் காவலர் மேல் தப்பில்லை என்று முடிந்திருந்தன. அதன் பிறகு கேமரா இல்லாத காரில் ஏற யாருக்கு மனசு வரும்?

56 டிகிரி வைத்தியம்

கொரோனா காலத்தில், 2020 மே மாதம் ஃபோர்டு ஒரு புது மென்பொருள் கொண்டுவந்தது. காலி ரோந்து காரின் எஞ்சினை வேகமாக ஓடவிட்டு, ஹீட்டரை முழுசாகத் திறந்து, உள்ளே 56 டிகிரி செல்சியஸுக்கு மேல் 15 நிமிஷம் வேகவைப்பது. கிருமி சாகும்! ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளைக் கலந்துகொண்டு, நியூ யார்க், லாஸ் ஏஞ்சலிஸ் உள்ளிட்ட போலீஸ் துறைகளில் சோதித்தார்கள். வேலை முடிந்ததும் விளக்குகள் மின்னித் தகவல் சொல்லும்.

செலவில்லாத லம்போர்கினி

இத்தாலியப் போலீஸிடம் லம்போர்கினி இருப்பது பணத்திமிர் இல்லை. 2004-ல் கம்பெனியே அன்பளிப்பாகக் கொடுத்தது. முன்பக்க டிக்கியில் ஒரு குளிர்பெட்டி இருக்கும், மாற்று அறுவைக்கான உறுப்புகளை எடுத்துப்போக. 2020-ல் ஒரு சிறுநீரகம் பாதுவா நகரிலிருந்து ரோமாபுரிக்கு, ஏறக்குறைய 490 கிலோமீட்டரை, இரண்டு மணி நேரத்தைச் சற்றே தாண்டிய பொழுதில் சேர்ந்தது அப்படித்தான். அதற்கு முன், 2009-ல், பழைய லம்போர்கினி ஒன்று கிரெமோனா அருகே விபத்தில் நொறுங்கியது. துரத்தலில் இல்லை, மாணவர்களுக்கான வேலைவாய்ப்புக் கண்காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில்!

மஞ்சள்-நீலக் கட்டம்

பிரிட்டிஷ் போலீஸ் கார்களின் பக்கவாட்டில் மஞ்சளும் நீலமுமாகக் கட்டம் கட்டமாக இருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1990-களின் நடுவில் உள்துறையின் போலீஸ் அறிவியல் பிரிவு சோதித்துத் தேர்ந்த வடிவம் அது. வைத்துக்கொண்ட நிபந்தனைகளில் ஒன்று, பகல் வெளிச்சத்தில் 500 மீட்டர் தூரத்திலிருந்தே போலீஸ் வண்டி என்று தெரிய வேண்டும். இன்னொன்று, காவலர்களில் குறைந்தது 75 சதவீதம் பேருக்காவது அது ஏற்புடையதாக இருக்க வேண்டும். நியூசிலாந்து, அயர்லாந்து என்று பல நாடுகள் அதே கட்டத்தை எடுத்துக்கொண்டன.